சுவர் இல்லாத வாசல்

ரேகுலகுண்ட கிராமத்தில் அந்தக் கோடையில் ஒரு வாசல் நின்றது. வாசல் மட்டும்தான். இந்தப் பக்கம் சுவர் இல்லை, அந்தப் பக்கம் சுவர் இல்லை, மேலே கூரையும் இல்லை. கரிசல் மண்ணைத் தோண்டிக் கிராவல் கொட்டி எழுப்பிய பேஸ்மட்டத்தின் மேல், சிமெண்டுத் தூண்களுக்கு நடுவே, வேப்ப மரத்து நிலை ஒன்று மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துக்கொண்டு தன்னந்தனியாக நின்றது. விழுந்துவிடாமல் இருக்கச் சவுக்குக் கம்புகளை முட்டுக் கொடுத்திருந்தார்கள். மேலே கட்டிய மாவிலை காய்ந்து, காற்றடித்தால் சலசலத்தது.

மிளகாய் மூட்டை ஏற்றிக்கொண்டு நரசராவ்பேட்டைக்குப் போகிற டிராக்டர்காரன் எவனும் அங்கே வண்டியை நிறுத்தாமல் போனதில்லை.

"ஏடுகொண்டலு! வீட்ட எவனாவது திருடிட்டுப் போயிட்டானா? பாவம், வாசல மட்டும் விட்டுட்டுப் போயிருக்கான்!"

"கதவு போட்டுப் பூட்டி வைடா. உள்ள இருக்கிற காத்து களவு போயிரப் போவுது!"

ஏடுகொண்டலுவுக்குச் சிரிக்கவும் வராது, கோபிக்கவும் வராது. தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். நல்ல உழைப்பாளி. மிளகாய்க்கு எந்த நேரம் தண்ணீர், எந்த நேரம் மருந்து என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். வயலில் ஒன்றுக்குப் பின் ஒன்று தானாக வரும். விதைத்தால் முளைக்கும், முளைத்தால் களை எடுக்கணும், அவ்வளவுதான். வீடு அப்படி இல்லை. அடுத்து என்ன என்று ஒரு ஆளைக் கேட்டால் ஒரு பதில், இரண்டு ஆளைக் கேட்டால் மூன்று பதில். கேட்டுக் கேட்டு அவனுக்குக் கிறுகிறுத்துப் போயிருந்தது.

அந்த வாசலுக்குக் காவல் அவன் அக்கா நாஞ்சாரம்மா. கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீடு வந்தவள். அப்பா அம்மா போன பிறகு தம்பியை வளர்த்து, கல்யாணமும் செய்துவைத்து, தன் வீட்டை ஒட்டின தகரக் கொட்டகையில் அவனையும் அவன் பெண்டாட்டியையும் குடிவைத்தவள். பொழுது விடிந்தால் ஒரு முக்காலியைப் போட்டு வாசலுக்கு எதிரே உட்கார்ந்துவிடுவாள்.

"ஏய், ஏய்! எங்கடி போற?"

மணல் சட்டியோடு போன சித்தாள் திகைத்து நின்றாள். "உள்ளதாம்மா. மேஸ்திரி கொட்டச் சொன்னாரு."

"உள்ள போறதுக்கு வாசல் எங்க இருக்கு?"

"இப்படிப் போனா கிட்டம்மா. சுவர்தான் இல்லையே."

"சுவர் இல்லேன்னா கண்ணும் இல்லாமப் போச்சா? நிலை வச்சு, பூஜை போட்டு, தேங்கா ஒடச்சாச்சு. இனிமே அதுதான் வாசல். வலது கால எடுத்து வச்சுப் போ. படிய மிதிக்காத, தாண்டு!"

சித்தாள் சட்டியோடு திரும்பி வந்து, வலது காலை எடுத்து வைத்து, படியைத் தாண்டி உள்ளே போய், முன்பு நின்ற இடத்திலிருந்து இரண்டடி தள்ளி மணலைக் கொட்டினாள். திரும்பும்போது மறந்துபோய்ப் பக்கவாட்டில் இறங்கிவிட்டாள். அதற்கும் தனியாக வாங்கிக்கட்டிக்கொண்டாள்.

மேஸ்திரி மஸ்தான்வலி இதைப் பார்த்துத் தாடியைத் தடவிக்கொள்வார். "அக்கா, உங்களுக்கு நான் கூலி போடணும். இல்ல என் ஆளுங்களுக்கு நீங்க நடைக்கூலி போடணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"உன் வேலைய நீ பாரு மஸ்தானு. வீடு எங்களது."

வாசல் முந்திக்கொண்ட கதை இதுதான். தூணெல்லாம் எழும்பிய சமயம், பஞ்சாங்கம் பார்க்கும் கிருஷ்ணாவதானி, சுக்கிரன் மறையப் போகிறது என்று சொல்லிவிட்டார். அந்த மறைவுக் காலமான மூடம் பிறந்தால் ஆவணி வரைக்கும் ஒரு நல்ல காரியமும் கிடையாது. நிலை வைப்பதாக இருந்தால் வருகிற வியாழக்கிழமை வைக்கணும்.

மஸ்தான்வலி தலையில் அடித்துக்கொண்டார். "தம்பி, இது தூண் கட்டடம். முதல்ல தூண், அப்புறம் பீம், அதுக்கு மேல தளம். தளம் போட்டு முட்டுப் பிரிச்ச பிறகுதான் சுவர். சுவர் எழும்பும்போதுதான் நிலை. இப்பவே நிலைய நட்டா தளத்தத் தாங்குற சென்ட்ரிங் கம்பு எங்க ஊனுவேன்? உங்க அக்கா தலையிலயா?"

"எங்க அப்பன் வீடு கட்டுனப்போ அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுனாங்க, நிலை வச்சாங்க, சுவர் வச்சாங்க, கடைசியிலதான் கூரை," என்றாள் நாஞ்சாரம்மா. "வாசல் இல்லாம எந்த லட்சுமி எந்தப் பக்கமா வருவா? கூரையப் பிரிச்சுக்கிட்டா வருவா?"

"அது மண் சுவரு அக்கா. சுவரு கூரையத் தாங்குச்சு. இங்க தூண்தான் தாங்குது. சுவரு சும்மா மறைப்புக்கு."

"வீட்டுக்குச் சுவரு சும்மாவா! கேட்டுக்கடா தம்பி!"

ஏடுகொண்டலு அவரையும் பார்த்தான், அக்காவையும் பார்த்தான். இரண்டும் சரியாகத்தான் பட்டது. கடைசியில் அக்கா சொன்னதுதான் நடந்தது. அவள் சொன்னது நடக்காமல் போனது ஒரே ஒரு தடவைதான். அப்படிக் கேட்காமல் இருந்ததற்கு விலை கொடுத்துவிட்டோம் என்று ஏடுகொண்டலு நம்பினான்.

அந்த ஒரு தடவை இதே மனையில்தான். சில வருஷங்களுக்கு முன், வானம் தோண்டிக் கம்பியும் ஜல்லியும் இறக்கியிருந்த நேரத்தில் அவன் பெண்டாட்டி அலிவேலு முழுகாமல் இருப்பது தெரிந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரியின் புருஷன் வீடு தொடங்கக் கூடாது, நிலை நடக்கூடாது, பிணம் தூக்கக் கூடாது என்று ஊரே சொன்னது. வேலையை நிறுத்தினார்கள். கம்பியை விற்றார்கள். அப்படியும் ஐந்தாம் மாதம் கரு கலைந்தது. முதலிலேயே தோண்டியிருக்கக் கூடாது, நான் சொன்னேன் கேட்டாயா என்றாள் அக்கா. தோண்டின பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்று தவளை கத்தியது. ஏடுகொண்டலு குளம் என்று அதற்குப் பேரே வந்துவிட்டது. எருமைகள் இறங்கிக் குளித்தன. அந்தப் பக்கம் போக நேர்ந்தால் அலிவேலு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். பிறகு பிள்ளையும் இல்லை, வீட்டுப் பேச்சும் இல்லை, போன தை மாதம் அவளே வாய்விட்டுக் கேட்கும்வரை.

"ஏங்க, நமக்குன்னு ஒரு சுவரு வேணாமா?"

அவ்வளவுதான் கேட்டாள். அவளுக்குப் பேச்சு குறைவு. பகலெல்லாம் களத்தில் உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளுவாள். விரல் எரியும், கண் எரியும். சாயங்காலம் கொட்டகைக்கு வந்தால் அங்கேயும் மூட்டை மூட்டையாக மிளகாய்தான். விலை ஏறட்டும் என்று நாஞ்சாரம்மா அடுக்கிவைத்திருப்பது. அதற்கும் தகரச் சுவருக்கும் நடுவில் இரண்டு ஆள் படுக்கிற இடம்.

நிலை வைத்த வியாழக்கிழமை நடந்ததை நினைத்தால் ஏடுகொண்டலுவுக்கு இன்னும் புரியவில்லை. கொத்தனார் நிலையைத் தூக்கி நிறுத்தியாயிற்று. அவதானி மந்திரம் தொடங்கியாயிற்று. வீட்டுக்காரி வந்து படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கணும். அலிவேலு பட்டுப் புடவை கட்டிக்கொண்டு கொட்டகை வாசல்வரை வந்தாள். அங்கேயே நின்றாள்.

"மதினி, நான் வர முடியாது. நான் இன்னைக்கு விலகி இருக்கேன்."

நாஞ்சாரம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். "அடிப் பாவி! இன்னைக்கா? நேத்து ராத்திரி வரைக்கும் அரிசி ஊறவச்சியே!"

"இப்பத்தான்."

நேரம் தப்பிப்போகும் என்று அவதானி அவசரப்படுத்தினார். வேறு வழியில்லாமல் தாலியில்லாத நாஞ்சாரம்மாவும் பூச முடியாமல், பக்கத்து வீட்டுச் சுமங்கலி ஒருத்தியைக் கூட்டிவந்து மஞ்சள் பூசவைத்தார்கள். ஏடுகொண்டலு தேங்காய் உடைத்தான். அலிவேலு தூரத்தில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வீட்டு வாசலுக்குத் தன் கை படவில்லையே என்று அழுவாள் என எதிர்பார்த்தான். அவள் அழவில்லை. அதுதான் அவனுக்கு உறுத்தியது.

அதற்குப் பிறகும் அவள் ஒரு மாதிரியாகவே இருந்தாள். அவன் எது கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்றாள். கொட்டகையில் படுக்க மாட்டேன் என்று வெளியே கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டாள். வாசலில் தனக்குப் பங்கு கிடைக்காத கோபம் என்று ஊகித்தான். ஒரு நாள் நரசராவ்பேட்டையிலிருந்து அவளுக்குப் பிடித்த பூதரேக்கு இனிப்பு வாங்கி வந்தான். "மதினிக்குக் கொடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். வீடும் புரியவில்லை, பெண்டாட்டியும் புரியவில்லை. பேசாமல் வயலுக்கே போய்விடலாம் என்று தோன்றியது பாவம் அவனுக்கு.

தளம் போடுகிற நாள் வந்தது. மூடத்தில் தளம் போடலாமா என்று கேட்டதற்கு, அதற்கு நாள் வேண்டியதில்லை, மேஸ்திரிக்குத் தோதுப்பட்டால் போதும் என்று அவதானி சொல்லிவிட்டார்.

விடியும் முன்பே கலவை மிஷின் வந்து இறங்கியது. ஸ்ரீகாகுளத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்த ஆள்கள், ஆணும் பெண்ணுமாக, தலைக்குச் சும்மாடு சுற்றிக்கொண்டு வரிசை பிடித்தார்கள். சாரத்தில் படிப்படியாக ஆள் நின்றது. கீழே இருப்பவன் சட்டியை வீசுவான், மேலே இருப்பவள் பிடிப்பாள், அவள் தலைக்கு மேல் இன்னொரு கை. நிறைந்த சட்டி மேலே போகும், வெறும் சட்டி பறந்து கீழே வரும். வெயில் ஏறுவதற்குள் பாதி முடிக்கணும் என்று மஸ்தான்வலி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். ஜல்லியும் மணலும் வீட்டுக்குப் பின்பக்கம் இருந்திருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. முன்பக்கம் கொட்டியிருந்ததால், மிஷினிலிருந்து, உள்ளே மாடிப்படித் திறப்பில் கட்டிய சாரத்துக்குப் போகிற ஒவ்வொரு ஆளும் அந்த வாசல் வழியாகத்தான் போகவேண்டியிருந்தது. நாஞ்சாரம்மாவின் கட்டளை அப்படி.

"குனிஞ்சு போடா, தோரணம் தலையில படுது!"

"தலையில சிமெண்டு இருக்கும்மா!"

"அதுக்குத்தான் குனியச் சொல்றேன்!"

வேப்ப மரத்தடியில் ஒரு பெரிய அண்டாவில் ஆட்டுக்கறி கொதித்தது. தளம் போடும் நாளில் ஆள்களுக்குக் கறிச்சோறு போடாவிட்டால் தளம் ஒழுகும் என்பது அந்தப் பக்கத்தில் மேஸ்திரிகள் பரப்பிவைத்திருக்கிற செய்தி. பக்கத்தில் இன்னொரு பானையில் கோங்குராக் கீரைப் பருப்பு. அலிவேலு சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

ஏடுகொண்டலு ஆள்களுக்கு மோர்ப்பானை எடுக்க வந்தான். அதே நேரம் நாஞ்சாரம்மாவும் ருசி பார்க்க வந்தாள். வந்தவள் கறியைப் பார்க்கவில்லை, அலிவேலுவைப் பார்த்தாள்.

"அலிவேலு, நீ எப்படி அடுப்பண்ட நிக்கிற?"

"ஏன் மதினி?"

"நிலை வச்ச அன்னைக்கு விலகி உக்காந்தே. அதுலேருந்து நாள் பாத்துத்தான் போன வாரமே ஆவக்காய் ஊறுகாயப் போட்டு முடிச்சேன், இந்த வாரம் நீ ஜாடியத் தொட முடியாதேன்னு. நேத்தே நீ விலகியிருக்கணும். இன்னைக்குச் சோறு வடிக்கிற?"

அலிவேலு கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். சொன்ன பொய்க்கும் மாதாமாதம் கணக்கு வைக்கணும் என்பது அவளுக்கு அந்தக் கணம்தான் உறைத்திருக்கும் போலிருக்கிறது.

"ஒண்ணு ரெண்டு நாள் தள்ளும் மதினி."

"தள்ளும். அது எனக்குத் தெரியாதா? ஆனா அன்னைக்கு நீ மூணு நாளும் ஒரு துணி கூடத் தோய்க்கல. தோய்க்கிற கல்லு காஞ்சு கெடந்துச்சு. அப்பவே மனசுல நெருடுச்சு. எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லு. அன்னைக்கு நெசமாவே விலகியிருந்தியா?"

அலிவேலுவின் கை தன்னையறியாமல் முந்தானையை இழுத்து அடிவயிற்றை மூடியது.

ஏடுகொண்டலு மோர்ப்பானையைக் கீழே வைத்தான். நல்லவேளை, உடையவில்லை.

அடுத்த நிமிஷம் நாஞ்சாரம்மா ஓடினாள். கனத்த உடம்பு, மூச்சிரைத்தது. அந்த ஆத்திரத்திலும் சுற்றிக்கொண்டு போகவில்லை, வாசலுக்குத்தான் போனாள். இரண்டு கையையும் விரித்து நிலையின் இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றுவிட்டாள்.

"நிறுத்துங்கடா! மஸ்தானு, மிஷின நிறுத்து! ஒரு சட்டி மேல போகக் கூடாது!"

மிஷின் நிற்கவில்லை, ஆள் நின்றது. தலையில் சட்டியோடு வாசலுக்கு முன்னால் ஒரு கூட்டமே திகைத்து நின்றது. தளத்தின் மேலிருந்து மஸ்தான்வலி எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா? கறி கருகிடுச்சா?"

"வயித்துப் பிள்ளைக்காரிய வச்சுக்கிட்டு என் தம்பி நிலை நட்டிருக்கான்! எவளும் சொல்லல, எவனுக்கும் தெரியல. ஏற்கெனவே ஒண்ண வாரிக் கொடுத்தாச்சு. இது இத்தோட நிக்கட்டும். பிள்ள பொறந்த பொறவு மிச்சத்தப் பாத்துக்கலாம்!"

"மிச்சமா? அக்கா, பாதித் தளம் போட்டாச்சு! இப்ப நிறுத்தினா போட்டது இறுகிடும். நாளைக்கு மிச்சத்தப் போட்டா பழசும் புதுசும் ஒட்டாது. நடுவால கோடு விழும், மழைக்கு மழை அதுவழியா ஒழுகும். நிலையப் பாதியில நிறுத்தலாம், சுவரப் பாதியில நிறுத்தலாம். தளத்த நிறுத்த முடியாது, தொட்டா முடிச்சாகணும். தம்பி! ஏடுகொண்டலு! வாயத் திற!"

ஏடுகொண்டலு வாயைத் திறந்தான். பிள்ளையா? நமக்கா? சந்தோஷப்படலாமா கூடாதா என்றே அவனுக்குத் தெரியவில்லை. சந்தோஷம் ஒரு பக்கம் பொங்கிக்கொண்டு வந்தது, அதன் கழுத்தைப் பிடித்தமாதிரி பயம் கூடவே வந்தது. போன தடவை இரத்தத்தோடு சுருட்டி எடுத்துப்போன கோரைப்பாய் கண்முன் வந்து நின்றது.

அவதானியிடம் கேட்கலாம் என்று செல்போனை எடுத்தான். அவர் எங்கோ பஸ்ஸில் இருந்தார். சத்தமாகப் பேசுங்கள் என்றார். அவனும் ஊரே கேட்கிற மாதிரி விஷயத்தைக் கத்தினான்.

"அதாவது," என்றார் அவதானி, "கரு தரிச்சதுக்கு முன்னாடி தொடங்கின வேலைய முடிக்கலாம். பின்னாடி புதுசாத் தொடங்கக் கூடாது. நீ வீடு தொடங்கினது எப்போ?"

"நிலை வச்ச அன்னைக்குங்க. இல்ல... தை மாசம் வானம் தோண்டினோம். இல்லன்னா... போன தடவ தோண்டினதும் சேருமாங்க?"

"சரி, கரு எப்போ?"

ஏடுகொண்டலு போனைக் காதிலிருந்து எடுத்து அலிவேலு இருந்த திசையைப் பார்த்தான். முகம் சிவந்துபோயிற்று. அதற்குள் பஸ் ஏதோ மேட்டில் ஏறி, லைன் அறுந்தது.

சட்டியோடு நின்ற கூட்டத்தில் ஆளுக்கொரு வியாக்கியானம் கிளம்பியது.

"வானம் தோண்டினாத்தான் தொடக்கம். குழி விழுந்தா வீடு விழுந்த மாதிரி."

"எங்க ஊருல தளம் போட்டாத்தான் வீடுன்னே சொல்லுவோம். அதுவரைக்கும் அது கம்பிக்கூடு."

"அப்ப இன்னைக்குத்தான் தொடக்கமா? அப்ப தப்பாச்சே!"

"ஏய், பாதித் தளம் போட்டாச்சு, பாதித் தொடக்கம்!"

"தலையில சிமெண்டு இறுகிக்கிட்டிருக்குடா! தொடக்கமோ முடிவோ, சீக்கிரம் சொல்லுங்க!"

ஏடுகொண்டலுவின் காதுக்குள் மிஷின் சுற்றுவதுபோல இருந்தது. அப்போதுதான் அலிவேலு வந்தாள். புடவை நுனியில் கஞ்சி சிந்தியிருந்தது. நேராக வாசலுக்கு வந்தாள். படிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் நாஞ்சாரம்மா, எதிரெதிரே நின்றார்கள்.

"மதினி, போன தடவ நீங்க சொன்னீங்க, நிறுத்தினோம். நிறுத்தினதால பிள்ள தங்குச்சா? வீடும் போச்சு, பிள்ளையும் போச்சு."

"அது மொதல்லயே தோண்டின தோஷம்டி! நான் அன்னைக்கே—"

"தோண்டினதுல போகல. கொட்டகையில போச்சு." அலிவேலுவின் குரல் உயரவே இல்லை. "ராத்திரி முழுக்க மிளகா நெடியில இருமுவேன். அடிவயித்த ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு இருமுவேன். இவரு எழுந்து தண்ணி கொடுப்பாரு. நீங்க வெல்லமும் மிளகும் இடிச்சுக் கொடுப்பீங்க. ஊரெல்லாம் வந்து அந்தக் குழியப் பாத்துட்டுப் போச்சு. ஒருத்தரும் அந்த மூட்டைகளத் தூக்கி வெளிய போடல."

நாஞ்சாரம்மாவின் கை நிலையில் இருந்தது.

"அந்தக் கொட்டகையில இன்னொரு பிள்ளைய நான் சுமக்க மாட்டேன் மதினி. இது தங்கணும்னா எனக்குச் சுவரு வேணும். தளம் நின்னா சுவரு நிக்கும். பிள்ள வர்றதுக்கு முந்தி வீடு வந்தாகணும். அதான் வாயத் திறக்கல."

ஏடுகொண்டலு பக்கத்தில் வந்தான். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அலிவேலு. ஒரு மாசமா எம்மேல கோவமா இருக்கியோன்னு நெனச்சேன். நான் என்ன செஞ்சேன்னு தெரியாம முழிச்சேன்."

"உங்ககிட்டத்தான் சொல்லக் கூடாது." இப்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது. "எனக்குப் பயம் இல்லன்னு யாரு சொன்னா? தோஷம்னு சொல்றாங்களே, ஒருவேளை நெசமா இருந்தா? அதான் நிலையத் தொடாம தள்ளி உக்காந்தேன். வயித்துப் பிள்ளைக்காரின்னு தெரிஞ்சு புருஷன் செஞ்சாத்தான தப்பு? உங்களுக்குத் தெரியாமப் பாத்துக்கிட்டேன். தெரிஞ்ச பாவம் எங்கிட்டயே இருக்கட்டும்னு."

மிஷின் ஓட்டுகிறவன் கூட மிஷினை மெதுவாக்கிவிட்டுக் கேட்டான். மேலே மஸ்தான்வலி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. போட்ட தளத்தின் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கத் தொடங்கியிருந்தது.

ஏடுகொண்டலுவுக்கு இப்போதும் எது முதல், எது பின்னால் என்று தெளியவில்லை. தோஷம் உண்டா இல்லையா, தெரியாது. குழியா நெடியா, அதுவும் தெரியாது. நிறுத்தினால் ஒரு பயம், நிறுத்தாவிட்டால் ஒரு பயம். அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். இந்தப் பெண் ஒரு மாதமாகப் பயத்தைத் தனியாகச் சுமந்திருக்கிறாள், அவன் கையை வீசிக்கொண்டு நடந்திருக்கிறான்.

பக்கத்தில் நின்ற சித்தாளின் தலையிலிருந்து சட்டியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான்.

"தம்பி!" என்றாள் நாஞ்சாரம்மா. "நான் வழி விட மாட்டேன்."

"நீ நில்லுக்கா."

அவன் சுற்றிக்கொண்டு போனான். நிலைக்கும் தூணுக்கும் நடுவே, நாளைக்குச் சுவர் வரப்போகிற இடத்தில் காலை வைத்து உள்ளே ஏறி, சாரத்தில் நின்றவளிடம் சட்டியைத் தூக்கிக் கொடுத்தான். பிறந்ததிலிருந்து அக்கா வைத்த கோட்டை அவள் கண்ணெதிரே அவன் தாண்டியது அதுதான் முதல் தடவை. முதுகு கூசியது.

பிறகு மஸ்தான்வலியின் குரல் வந்தது. "என்னடா வேடிக்கை? சட்டி வரட்டும், சட்டி!" பாதிப்பேர் இந்தப் பக்கமும் பாதிப்பேர் அந்தப் பக்கமுமாக வாசலைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். நடுவில் நாஞ்சாரம்மா இரண்டு கையையும் விரித்தபடி, தண்ணீருக்கு நடுவில் நட்ட கல்லாக நின்றாள். யாரையும் திட்டவில்லை. கைகள் மட்டும் மெதுவாகக் கீழே இறங்கின.

வெயில் தாழும்போது தளம் முடிந்தது. மஸ்தான்வலி மட்டப்பலகையை இழுத்துவிட்டு இறங்கினார். ஏடுகொண்டலு உடம்பெல்லாம் சிமெண்டுப் பாலோடு அவர் முன் போய் நின்றான். தை மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற கேள்விதான்.

"மேஸ்திரி, அடுத்து என்ன?"

"அடுத்தா? ஒண்ணும் கெடையாது."

"ஒண்ணும் கெடையாதுன்னா?"

"ஓரமா வரப்புப் போட்டு, காலையிலயும் சாயங்காலமும் தண்ணி கட்டு. காய விடாத. முட்டத் தொடாத. மேல ஏறிக் குதிக்காத. இறுகுதா இறுகுதான்னு தட்டிப் பாக்காத. அது பாட்டுக்கு இறுகும். அதுவரைக்கும் மனுஷன் செய்ய ஒரு வேலையும் கெடையாது. சும்மா இருக்கணும், அதுதான் அடுத்தது." குரலைத் தணித்துக்கொண்டார். "ரெண்டுக்கும்தான் சொல்றேன் தம்பி."

ஆள்கள் கைகால் கழுவிவிட்டுக் கறிச்சோற்றுக்குப் பந்தி உட்கார்ந்தார்கள். ஏடுகொண்டலு அலிவேலுவைத் தேடினான். கொட்டகைப் பக்கம் தொப்பு தொப்பென்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் நாஞ்சாரம்மா. மூக்கையும் வாயையும் முந்தானையால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு மிளகாய் மூட்டையாக இழுத்து வந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்து நீர் கொட்டியது. நெடியாலா வேறு எதனாலா என்று அவன் கேட்கவில்லை. இன்னொரு முனையைப் பிடித்தான். இரண்டு பேருமாக அத்தனை மூட்டையையும் வெளியே போட்டார்கள்.

"சொல்லியிருந்தா நான் நிறுத்தித்தான் இருப்பேன்," என்றாள் கடைசியில். "அவ சொல்லாதது சரிதான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, அவள ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லக் கூடாது. சொன்னா நான் இருக்கேன்."

கையைக் கழுவிக்கொண்டு தன் வீட்டுக்குள் போனவள் ஒரு கிண்ணத்தில் தயிர்சோறும், ஓரத்தில் புது ஆவக்காய்த் துண்டும் வைத்துக்கொண்டு வந்தாள். அலிவேலு வாசலுக்கு வெளியே மணல்மேட்டில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். கறி வாசத்துக்கு மூக்கைப் பொத்தியிருந்தாள்.

"மணல் சுடும். எந்திரி. இப்படி வந்து உக்காரு."

நாஞ்சாரம்மா காட்டிய இடம் வாசற்படி. அலிவேலு தயங்கினாள்.

"படியில உக்காரக் கூடாதே மதினி."

"நான் சொல்றேன், உக்காரு. நெழல் விழுந்திருக்கு பாரு."

நிழல் விழுந்திருந்தது. காலையில் இல்லாத நிழல். அலிவேலு நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். அந்த வேப்ப மரத்து நிலையின் மேல் அவள் கை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பட்டது. நாஞ்சாரம்மா கிண்ணத்தை அவள் மடியில் வைத்துவிட்டு, எதிரே தன் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்த சித்தாள் ஒருத்தி, உள்ளே விட்டுவந்த சட்டிகளை எடுக்க வந்தாள். காலையிலிருந்து வாங்கிய திட்டு ஞாபகம் வந்திருக்கும். வாசலுக்கு நேராக வந்து, வலது காலை எடுத்து வைக்கத் தயாராக நின்றாள்.

"அடியே, எங்க வர்ற?" என்று நாஞ்சாரம்மா எகிறினாள். "அங்க ஒருத்தி உக்காந்து சாப்பிடறது கண்ணுக்குத் தெரியல? சுத்திப் போடி!"